வாய்க்கு வந்த சடங்கு

இந்தக் காலத்தில் வழி கேட்டால் வாயைத் திறந்து சொல்லுகிற மனுஷன் ஒருத்தன் கிடையாது. போனைத் தூக்கிக் காட்டுகிறான். தீர்த்தகிரி பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றுகொண்டு கேட்டுப் பார்த்துவிட்டார். ஒரு பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு, அவர் கேட்டதைக் கேட்காமலே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். ஒரு பெண் நின்று, போனில் ஒரு நீலப் புள்ளியைக் காட்டி, நீங்க இங்க இருக்கீங்க தாத்தா, அங்க போகணும் என்றாள். தான் இங்கே இருப்பது அவருக்கே தெரியும். வாசல் காவலாளியைக் கேட்டால் உள்ளே போங்க என்று கையை வீசினான். உள்ளே என்பது அவர் ஊர்ப்பக்கத்து மொரப்பூரை அப்படியே தூக்கி வைத்தாலும் மிச்சம் இருக்கிற அளவுக்கு விரிந்து கிடந்தது. பின்னால் மகன் குப்புராஜ் பலகாரப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, ஓட்டல்காரனிடம் போனில் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தான்.

நடக்க நடக்க அவருக்கு எரிச்சல் ஏறியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் செத்துப்போன ஒருத்தர் பெயர். வழியோர மரங்களுக்கெல்லாம் தகடு அடித்து அதன் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு தகட்டின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். வேம்பு. தலைக்கு மேலே பழம் உதிர்த்துக்கொண்டு நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்து அது வேப்பமரம் என்று தெரியாதவனுக்கு இங்கே என்ன பெரிய படிப்பு வேண்டிக் கிடக்கிறது. நூலகம் என்று போட்டிருந்த கட்டடத்தின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். குளிர் மிஷின் ஓடுகிறது, வரிசை வரிசையாகப் புத்தகம் நிற்கிறது, நடுவில் மேஜைகளில் தலையைக் கவிழ்த்துப் போட்டு நாலைந்து பேர் நல்ல தூக்கம். அவர்களை ஒருத்தரும் எழுப்பவில்லை. ஊரில் ஏரி வேலைக்குப் போன பெண்டுகள் புளியமரத்தடியில் கொஞ்சம் கண்ணசந்ததற்குப் போட்டோ எடுத்து மேலே அனுப்பினவர்களும் இந்த மாதிரி இடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

அவர் மகள் பூவிழி இன்றைக்கு டாக்டர் ஆகிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அதை ஊரில் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்ற கிழவிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவள் படித்தது போர்வெல்லைப் பற்றி. தருமபுரிப் பக்கத்து ஜனங்கள் கிணறு வற்றிப் போய் போர் போட்ட கதையை ஏழு வருஷமாகப் படித்தாள். அதில் ஏழு வருஷம் படிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. ஓட்டை போட்டான், தண்ணீர் வந்தது, இல்லாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு வருஷத்தில் அவள் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். தனியார் கல்லூரிகளில் தற்காலிக வேலை, ஒவ்வொரு கோடையிலும் போ என்பான், ஆடியில் வா என்பான். மகளுக்கு ஒரு நிலையான வேலை வரட்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் பெண்டாட்டி ராமக்காள் போய்ச் சேர்ந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் நிரந்தரமாக ஒரு இடம் வந்திருக்கிறது. இன்றைக்கு இந்தப் பரீட்சை முடிந்து பட்டத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அந்த இடம் அவளுக்கு. ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி எழுதிக் கொண்டுவா என்றால், இடம் அடுத்தவனுக்கு. இவ்வளவையும் குப்புராஜ் ரயிலில் வரும்போதே பலமுறை சொல்லி, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்றும் சொல்லியிருந்தான்.

மண்டபத்துக்குள் கல்யாண வீட்டு ஏற்பாடு. முன்னால் சோபா, பூங்கொத்து, தண்ணீர் பாட்டில். பூவிழி பட்டுச் சேலையில் நின்றாள். வியர்த்திருந்தாள். அவளுக்கு வழிகாட்டியான சோபனா மேடம் பெரிய பொட்டும் கைத்தறிச் சேலையுமாக அவரிடம் வந்து, வாங்கப்பா, ரொம்பப் பெருமையா இருக்கணுமே உங்களுக்கு என்றாள். பிச்சை போடுகிற மாதிரியான தமிழ். வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க ஒரு தாடிக்காரப் பேராசிரியர் வந்திருந்தார். அவருக்கு முதலில் கேசரி போனது, பிறகு வடை, பிறகு காபி. எல்லாம் குப்புராஜ் காசு. மத்தியானச் சாப்பாடும் இவர்கள் செலவுதான், வழக்கமாம். பரீட்சை எழுதுகிறவன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பரீட்சை வைக்கிற ஊரை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது ஐஸ்வர்யா என்ற பெண், பூவிழிக்குப் பின்னால் வந்து சேர்ந்த மாணவி. அவள் கையில் துண்டுத்தாள்கள். முன்னும் பின்னும் இருந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து, நீ இதைக் கேளு, நீ அதைக் கேளு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன அது என்று கேட்டார். இது எல்லாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்கிற தேர்வாம், யாருமே கேட்காமல் போனால் நன்றாக இருக்காதாம், அதனால் பூவிழி அக்காவே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"பதிலும் அவளேதான் சொல்லுவாளா?" என்றார் தீர்த்தகிரி.

"ஆமாங்கப்பா" என்றாள் அந்தப் பெண், அவர் என்ன கேட்டார் என்பது உறைக்காமலே.

பூவிழி பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷ். திரையில் எழுத்தும் கோடுமாக ஓடின. நடுநடுவே அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று தெரிந்த பெயர்கள் வந்து, தெரிந்த ஆள் கூட்டத்தில் தலை காட்டிவிட்டு மறைவது போல மறைந்தன. தீர்த்தகிரி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று மண்டபத்துக்குள் ஒரு கிழவன் குரல் தமிழில் பேசியது. கரகரவென்று, அதிகாரமாக. யாருடா இவன் என்று திரும்பிப் பார்க்கப் போனவருக்கு முதுகு சில்லிட்டது. அவர் குரல்தான்.

"புது போரு போடறதுக்கு முன்னால பழைய கெணத்துக்கிட்ட சொல்லிப்புட்டு வரணும். வூட்டுப் பொம்பளதான் போவணும். காஞ்ச கெணறா இருந்தா உள்ள எறங்கி ஒரு புடி மண்ணு எடுத்தாந்து, லாரிக்காரன் ஓட்டை போடற எடத்துல போடணும். போவையிலயும் வரயிலயும் யாருகிட்டயும் பேசக்கூடாது. பேசுனா பழைய கெணறு கோவிச்சுக்கும்."

திரையில் அவர் பெயர் இல்லை. ஒரு விவசாயி, வயது எழுபத்தொன்று என்று மட்டும் இருந்தது. பெயர் எதற்கு இருக்கப்போகிறது.

அது நாலைந்து வருஷத்துக்கு முந்தி நடந்தது. பூவிழி விடுமுறைக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு சின்ன மிஷினை அவர் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். உங்க பேரு சொல்லுங்க என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. உங்க பேரு, வயசு, எவ்வளவு நிலம்னு சொல்லுங்க என்றாள் மறுபடியும். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட பிள்ளை. ஜுரத்தில் கிடந்தபோது தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அவர் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை. எல்லாரிடமும் ஒரே மாதிரித்தான் கேட்க வேண்டும், மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கம் வேறு சொன்னாள். தீர்த்தகிரிக்கு மண்டைக்குள் ஏதோ விண்ணென்று இழுத்தது. சரி, நீ ஆபீசர் என்றால் நான் ஊர்க்காரன்.

ஆபீசர்களுக்குப் பதில் சொல்லுகிற விதம் அவருக்குக் கைவந்தது. ஆடு கேட்டால் பாதியைச் சொல்லுவார். போர் ஆழம் கேட்டால் முக்காலைச் சொல்லுவார். ஏன் மகசூல் குறைந்தது என்று எவனாவது கேட்டால், அவன் சட்டையைப் பார்த்துவிட்டு அதற்குத் தக்கபடி ஒரு காரணம் சொல்லுவார். பயிர்க்காரன் என்றால் பூச்சி, பேங்க்காரன் என்றால் மழை. ஊரில் எல்லாரும் அப்படித்தான். கேட்கிறவனுக்கு எழுதிக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும், கொடுத்து அனுப்பினால் போய்விடுவான். மகள் போர் போடுவதில் வழக்கம், சடங்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். பூஜை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள், வேறென்ன. ஆனால் எதிரே மிஷினின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்து, வந்ததையெல்லாம் சொன்னது. பேசாமல் நடக்கணும் என்கிற இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, தொண்டையைச் செருமி மறைத்துக்கொண்டார். இந்த வீட்டில் பேசாமல் நடக்கிற பொம்பளை யார்.

அது இங்கே வந்து நிற்கும் என்று யார் கண்டது.

தாடிக்காரர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து எதையோ கேட்டார். பூவிழி பதில் சொன்னாள். மறுபடியும் கேட்டார். ஐஸ்வர்யாவிடம் என்ன என்றார். இந்தச் சடங்கைப் பற்றி இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லையாம், நன்றாக விசாரித்தீர்களா என்று சார் கேட்கிறாராம், விசாரித்தேன் என்கிறாளாம் அக்கா. சார் இதைத்தான் ரொம்ப மெச்சுகிறாராம்.

விசாரித்தாளாம். யாரை விசாரித்திருப்பாள். நஞ்சம்மாளை விசாரித்திருப்பாள். தீர்த்தகிரியின் அண்ணன் பெண்டாட்டி நஞ்சம்மாள், மிஷின் முன்னால் உட்காரவைத்து ஏன்ம்மா உனக்கு ரெண்டு தலையா என்று கேட்டால்கூட ஆமாஞ்சாமி என்பாள். இதை நம்பி ஒருத்தி புத்தகம் எழுதுகிறாள். அதை நம்பி ஒருத்தர் தாடியைத் தடவுகிறார். இவர்கள் படித்துவிட்டு வந்துதான் ஏரிக்கும் காட்டுக்கும் கணக்குப் போடுகிறார்கள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரைக்கு முன்னால் நிற்பது வேறு எவளாவதாக இருந்திருந்தால் வந்திருக்கும். நாளைக்கு இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொரு துருதுருப்பானவன் ஊருக்கு வருவான், டீக்கடையில் உட்கார்ந்து கேட்பான். அட, அது தீர்த்தகிரி அளந்துவிட்ட கதைங்க என்று நாலு பேர் சிரிப்பார்கள். அது இங்கே வந்து சேரும். அப்போது இவள் நிரந்தர வேலையில் இருப்பாள். வேலையும் போய், பேரும் போய், வயசும் போய் நிற்பாள். அதைவிட இப்போதே அந்த ஒரு இடத்தை அறுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. மற்றதெல்லாம் கோடும் கட்டமுமாக நிறையத்தானே வைத்திருக்கிறாள், அதற்குப் பட்டம் கொடுக்கட்டும்.

சபையில் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்று சோபனா மேடம் சொன்னாள். துண்டுத்தாள் வாங்கின பையன் ஒருவன் எழுந்து, தாளைப் பார்த்து ஒரு கேள்வியைப் படித்தான். பூவிழி அப்போதுதான் அதைக் கேட்பதுபோல யோசித்துப் பதில் சொன்னாள். தீர்த்தகிரி எழுந்தார். குப்புராஜ் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நான் இந்தப் புள்ளயோட அப்பனுங்க. இப்ப பேசுனது என்ற குரல்தாங்க. கெணத்து மண்ணு, பேசாம நடக்கறது, அதெல்லாம் வாய்க்கு வந்தத நான் சும்மா சொன்னதுங்க. அந்த ஒண்ண மட்டும் எடுத்துப்புட்டு மத்ததப் பாருங்க."

பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டான். சோபனா மேடத்தின் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. தாடிக்காரர் ஒருத்தர்தான் சந்தோஷப்பட்டார். உடம்பு முழுவதையும் திருப்பி உட்கார்ந்துகொண்டு தமிழில் கேட்டார்.

"எதுக்குங்க ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"என்ற மவ என்னயப் பாத்து உங்க பேரு என்னான்னு கேட்டுதுங்க."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பூவிழியும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் அவள் பக்கம் திரும்பி, நீங்க என்ன சொல்றீங்க என்றார். அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு மேடைத் தமிழில், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்தத் தகவலாளர் மறுப்பதைக் குறித்துக்கொள்கிறேன் சார். ஆனால் என் முடிவு இவர் சொன்னதை வைத்து எழுதியது இல்லை. இவரைக் கேட்பதற்கு முன்பே, வேறு வேறு ஊர்களில் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களில் யாருக்கும் இது தெரியவில்லை. சொன்ன ஒரே ஆண் இவர்தான். குரல் தெளிவாக இருந்ததால் இவருடையதைப் போட்டேன்."

தகவலாளர். தீர்த்தகிரி உட்கார்ந்தார். தாடிக்காரர் தலையை ஆட்டி ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். ஐயா மறுத்ததையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள், ரொம்ப முக்கியம் அது என்றார். உண்டு என்றாலும் எழுதிக்கொள்கிறார்கள், இல்லை என்றாலும் எழுதிக்கொள்கிறார்கள். வாசலில் நிற்கிற பிச்சைக்காரன்கூட ஊசிப்போன சோற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவான்.

கொஞ்ச நேரத்தில் பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார்கள். கை தட்டினார்கள். சோபனா மேடத்துக்குச் சால்வை, தாடிக்காரருக்குச் சால்வை. அவரையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, தோளில் ஒரு சால்வையைப் போட்டு, சிரிங்கப்பா என்று போட்டோ எடுத்தார்கள். பூவிழி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். சேலை உரசவில்லை. அவ்வளவு இடம் விட்டிருந்தாள்.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். தீர்த்தகிரி சால்வையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். குப்புராஜ் பின்னாலேயே வந்து, உனக்கு எங்க போனாலும் வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதாப்பா என்று பல்லைக் கடித்தான். அதற்குள் பூவிழி வந்துவிட்டாள். அண்ணனை உள்ளே போய்ப் பரிமாறச் சொன்னாள். அவன் போனதும் சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"ஏழு வருசம். ஒரு நிமிசத்துல ஊத்தி மூடப் பாத்தியே."

"பொய்ய மேல வெச்சிக்கிட்டு வேலைக்குப் போவியா நீ? நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"சொன்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எங்கிருந்துப்பா வந்துச்சு அந்தப் பேச்சு?"

"வாயில இருந்து."

அவள் சிரிக்கவில்லை. அம்மா செஞ்சாப்பா என்றாள். நம்ம போர் போட்ட அன்றைக்கு, திருச்செங்கோட்டு லாரி வந்து நின்று நீ அவனோடு பைப் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவும் நஞ்சம்மாப் பெரியம்மாவும் வற்றிக் கிடந்த கிழக்குக் கிணற்றுக்குப் போய் இறங்கி மண் எடுத்து வந்தார்கள். பெரியம்மாதான் சொன்னாள். நீ அங்கேதான் நின்றிருக்கிறாய். இந்த வெயிலில் எங்கேடி போகிறாய் என்று கத்தியிருக்கிறாய். அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்று அதற்கும் ஒருமுறை கத்தியிருக்கிறாய்.

தீர்த்தகிரிக்கு அந்த லாரி நினைவிருந்தது. புழுதி நினைவிருந்தது. ராமக்காள் முந்தானையை முடிச்சுப்போட்டு ஏந்திக்கொண்டு வரப்பில் வந்ததும், கேட்டதற்கு வாயைத் திறக்காமல் அவரைத் தாண்டிப் போனதும், லாரிக்காரன் முன்னால் மானம் போனதே என்று தனக்கு வந்த ஆத்திரமும் நினைவிருந்தன. முந்தானையில் இருந்தது மண்தான்.

"அது அடுப்புப் பூச எடுத்தாந்த மண்ணு" என்றார்.

"அப்ப நம்ம வூட்ல கேஸ் வந்து ரெண்டு வருசம் ஆச்சுப்பா."

"வெந்நித் தண்ணி அடுப்பு வெளிய இருந்துச்சுல்ல?"

"லாரி வந்து நிக்கிற அன்னிக்கா அடுப்புப் பூசுவா?"

"உங்கம்மா என்னிக்கு நேரம் காலம் பாத்தா? நஞ்சம்மா எதக் கேட்டாலும் ஆமாம்பா. நீ கேட்டிருப்ப, அவ ஆமான்னிருப்பா. அத்தோட உங்கம்மாளையும் சேத்து வெச்சிட்டா, அவ்வளவுதான்."

பூவிழி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் பிள்ளைகளை இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். உள்ளேயிருந்து சோபனா மேடம் கூப்பிடும் சத்தம் வந்தது. சாப்பிட வாப்பா என்றாள். பசியில்லை, நான் வாசலில் நிற்கிறேன், அண்ணனை வரச்சொல் என்றார். அவள் உள்ளே திரும்பினாள், பட்டுச் சேலையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவளைக் கூப்பிட வாயெடுத்தார். டாக்டரம்மா என்று கூப்பிடலாமா என்று தோன்றியது, கூப்பிடவில்லை.

வாசலை நோக்கி நடந்தார். படிப்பு, ஆராய்ச்சி, கண்ணாடிக் கட்டடம். நாலு ஊர்ப் பொம்பளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏய்த்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளை ஒரு மண்டபத்தையே ஏய்த்துவிட்டது. அவர் சும்மா சொன்னதையும் அவர்கள் சும்மா சொன்னதையும் ஒன்றாக வைத்து உண்மை என்று தைத்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரியா சும்மா சொல்லியிருப்பார்கள் என்று ஒரு எண்ணம் கிளம்பிற்று. சொல்லியிருப்பார்கள். ஏன் சொல்லமாட்டார்கள். காறித் துப்ப இடம் தேடினார், எல்லா இடமும் சிமெண்டுக் கல் பாவியிருந்தது.

எதிரே ஒரு தண்ணீர் லாரி வளைந்து உள்ளே வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றார். பின்பக்கத்துக் குழாய் சரியாக மூடாமல் வழிந்து, வாசலிலிருந்து தார் ரோட்டின் நடுவே ஒரு ஈரக்கோடு நீண்டு கிடந்தது. லாரி போன பிறகு அந்தக் கோடு ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. ராமக்கா அடுப்புக்குத்தான் எடுத்தாந்தா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, அதைத் தாண்டாமல், அதன் பக்கத்திலேயே நடந்து போனார்.